பியானோ ஏறிய பலகை

சென்ற மாதம் என் கடைக்கு ஓர் இளம் டீச்சர் வந்தாள். பின்னால் சீருடையில் நாலைந்து பிள்ளைகள், கையில் சுருட்டிய சார்ட் பேப்பர். இங்கிலீஷ் பாடத்துக்கு ப்ராஜெக்ட் செய்கிறார்களாம். மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய விழிப்புணர்வாம். ஏரிச் சாலையில் விசாரித்தபோது யாரோ என் கடையைக் கைகாட்டிவிட்டிருக்கிறார்கள். யாரென்று தெரியட்டும், அவனுக்கு இருக்கிறது.

"ஆன்ட்டி, நீங்க எப்படி இவ்வளவு கான்ஃபிடன்டா இருக்கீங்கன்னு இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை சொல்லுங்க. பிள்ளைங்க எழுதிக்குவாங்க," என்றாள்.

நான் தைலப் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "கால் கிலோ சாக்லேட் வாங்கு. கான்ஃபிடன்ஸைச் சும்மாவே தர்றேன்," என்றேன். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார்கள். ஒரு பிள்ளை அதையும் எழுதிக்கொண்டது. சாக்லேட் வாங்கவில்லை.

அவர்கள் போன பிறகு அன்று முழுக்க எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. கோபம்தான், வேறென்ன? நானும் ஒரு காலத்தில் இதே ஊரில் ஓர் இங்கிலீஷ் வகுப்புக்கு ப்ராஜெக்ட்டாக இருந்தவள். அதில் என்ன நடந்தது என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால் சார்ட்டில் இடம் போதாது.

எண்பதுகளின் தொடக்கம். உலகம் முழுவதும் ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவித்திருந்தார்கள். மாற்றுத்திறனாளி என்ற சொல் அப்போது பிறக்கவில்லை. சர்க்காருக்கு நாங்கள் ஊனமுற்றோர். ஊர் வாயில் நொண்டி, குருடு, செவிடு. நான் நொண்டி. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் மொத்தமாகப் போய்விட்டது. இடது கால் பெயருக்கு இருந்தது. தொடையிலிருந்து பாதம்வரை கம்பியும் தோல்வாரும் பூட்ஸும் சேர்ந்த காலிபர் ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். வீட்டில் அதற்கு இரும்பு என்று பெயர். இரும்பை மாட்டி, தாங்குகட்டைகளை ஊன்றினால் சமதரையில் போவேன். முட்டி மடங்காது என்பதால் படி ஏற முடியாது. கொடைக்கானலில் சமதரை எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

நான் படித்தது மிஷன் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம். எட்டாம் வகுப்புவரை கீழ்க் கட்டடம், பாதகமில்லை. ஒன்பதாம் வகுப்பு மேட்டில் இருந்த கட்டடத்தில். இரண்டுக்கும் நடுவே கருங்கல் படிகள். வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது, ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. மழைக்காலத்தில் பாசி வேறு. குழாயும் கக்கூசும் கீழேதான். மேலே போய்விட்டால் சாயங்காலம்வரை அவ்வளவுதான். அதனால் பள்ளிக்கூட நாட்களில் காலையில் நான் ஒரு வாய் காபிகூடக் குடிக்க மாட்டேன். மத்தியானம் சோற்றை அப்படியே விழுங்கிவிட்டு விக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மேலே என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அப்பா. அப்பா காய்கறி மண்டியில் சுமை தூக்குகிறவர். பூம்பாறையிலிருந்தும் பூண்டியிலிருந்தும் வரும் பூண்டு, கேரட் மூட்டைகளை லாரியில் ஏற்ற வேண்டும். வெள்ளனே போய் முதல் லோடை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வருவார். என்னை முதுகில் போட்டுக்கொண்டு அந்தப் படிகளில் ஏறி வகுப்பு வாசலில் இறக்கிவிட்டு மறுபடி மண்டிக்கு ஓடுவார். மூட்டையையும் என்னையும் ஒரே மாதிரிதான் தூக்குவார். ஒரு குலுக்கு, ஒரு முனகல், அப்புறம் நேர் நடை. அவர் சட்டையின் பூண்டு வாடை என் தாவணியில் ஏறிக்கொள்ளும். வகுப்பில் எனக்குப் பூண்டு மூட்டை என்று பேர் வைத்தார்கள். "ஏய், லோடு வந்துருச்சுடி," என்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான பேர்தான்.

ஹெட்மிஸ்ட்ரஸுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஒரு நாள் படியிலேயே அப்பாவை நிறுத்தினார். நான் முதுகில் இருக்கிறேன், என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேச்சு நடக்கிறது.

"இது பொம்பளைப் பிள்ளைங்க படிக்கிற இடம். தினம் ஒரு ஆம்பளை மேல் பிளாக் வரைக்கும் வர்றது நல்லாயில்ல. பிள்ளையும் வயசுக்கு வந்துருச்சு. கிறிஸ்துமஸ் லீவு வரைக்கும் பொறுத்துக்குறேன். அதுக்கப்புறம் தானா ஏறி வந்தா வரட்டும். இல்லேன்னா டி.சி. வாங்கிட்டுப் போயிருங்க."

"சரிங்கம்மா," என்றார் அப்பா. மூட்டையோடு நிற்கிறவரால் வேறென்ன சொல்ல முடியும்?

அம்மா வட்டக்கானலில் வெள்ளைக்காரர்கள் தங்கும் வீடுகளில் துணி துவைக்கப் போவாள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஹெட்மிஸ்ட்ரஸைப் போய்ப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பைக் கீழே மாற்றக்கூடாதா என்று கேட்டாள். கீழே தோதான அறை ஒன்றுதான் இருந்தது. அதில் பியானோ இருந்தது. யாரோ ஒரு துரைசாணி ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பியானோ. "பியானோவை மேலே ஏத்த முடியாதுல்லம்மா, ரொம்ப வெயிட்டு," என்றாராம் ஹெட்மிஸ்ட்ரஸ். அம்மா வந்து சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அம்மா ஓங்கி முதுகில் ஒன்று வைத்தாள்.

இந்தச் சமயத்தில்தான் இங்கிலீஷ் மிஸ் வந்து சேர்ந்தார். மதுரைக்காரர், புதுசாக பி.எட். முடித்தவர். பாடத்தை வாசித்து அர்த்தம் எழுதிப்போடுவதெல்லாம் பழைய முறை, ப்ராஜெக்ட் செய்தால் இங்கிலீஷ் தானாக வாயில் வரும் என்று நம்பினார். கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் இத்தனை வருஷம் கழித்து எனக்கு இவ்வளவு ஆத்திரம் வராது.

மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "படிக்குப் பக்கத்துல சாய்வா ஒரு பாதை போட்டா நீ தானாவே ஏறிடலாம்மா. ராம்ப்னு பேரு. ஃபாரின்ல எல்லா ஸ்கூல்லயும் போடுறாங்களாம். ஆண்டு விழாவுக்கு நம்ம ஸ்கூல் கமிட்டி சேர்மன் வர்றார்ல? நம்ம கிளாஸ் ப்ராஜெக்டே அதுதான். இங்கிலீஷ்லயே அவர்கிட்ட கேப்போம். அவர் சரின்னுட்டா உன்னை யாரும் நிறுத்த முடியாது."

வீட்டுக்கு வந்து ராம்ப், ராம்ப் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சாமி பேர் மாதிரி. அம்மா, "என்னடி அது, லாம்பு லாம்புன்னு?" என்றாள். அப்பாவுக்கு விளக்கினேன். "அட, நம்ம லாரிப் பலகை," என்றார். மண்டியில் லாரியில் மூட்டை ஏற்ற நீளப் பலகையைச் சாய்த்துப் போடுவார்கள், அதைத்தான் சொன்னார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அவருக்குத் தெரிந்த சாமானாகப் போய்விட்டதல்லவா!

ப்ராஜெக்ட் தொடங்கியது. முதல் வேலையாக நொண்டி என்ற சொல்லை மிஸ் தடை செய்தார். 'ஹேண்டிகேப்ட்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி எல்லாரையும் கூட்டமாகச் சொல்ல வைத்தார். மறுநாள் அப்பா என்னை வாசலில் இறக்கும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏ ஹேண்டிகேப்ட், லோடு வந்துருச்சா?" அந்த வருஷம் மொத்த வகுப்பும் பிசகில்லாமல் உச்சரிக்கக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் வார்த்தை அது ஒன்றுதான்.

அடுத்து அனுபவம். குருடு, செவிடு, நொண்டி என்று வகுப்பைக் குழு குழுவாகப் பிரித்தார். நானும் எந்தக் குழு என்று கேட்டேன்.

"உனக்குத்தான் காலைப் பத்தித் தெரியுமேம்மா. நீ பிளைண்ட் குரூப்ல இரு. புது எக்ஸ்பீரியன்ஸா இருக்கும்."

கேட்டீர்களா கதையை! கர்ச்சீப்பால் கண்ணைக் கட்டி ரோஜாத் தோட்டத்தைச் சுற்றி வரச் சொன்னார்கள். இரும்பும் கட்டையுமாக நான் நேராகப் போய் ரோஜாப் பாத்திக்குள் விழுந்தேன். கண்கட்டை அவிழ்த்ததும் மற்றவர்களுக்குப் பார்வை வந்துவிட்டது. மணி அடித்ததும் ஓடிவிட்டார்கள். நான் முள்ளில் மாட்டிய தாவணியை எடுக்க முடியாமல் கிடந்தேன். செவிட்டுக் குழு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கணக்கு வகுப்பில் சந்தோஷமாக இருந்தது. நொண்டிக் குழு ஒரு காலை ரிப்பனால் கட்டிக்கொண்டு மைதானத்தில் குதித்துக் குதித்து ஓடியது. அதில் முதலில் வந்தவளுக்கு மிஸ் ஒரு பேனா கொடுத்தார். அப்புறம் எல்லாரும் உட்கார்ந்து அனுபவத்தை இங்கிலீஷில் எழுதினார்கள். மிகவும் வருத்தமாக இருந்தது, கடவுளுக்கு நன்றி சொன்னேன் என்றுதான் எல்லாரும் எழுதினார்கள்.

என்னைத் தனியாக 'என் கஷ்டங்கள்' என்று சார்ட்டுக்கு எழுதச் சொன்னார் மிஸ். எழுதினேன். மனசைக் கொட்டி எழுதினேன். தண்ணீர் குடிக்காமல் வருவதை, கக்கூஸ் கீழே இருப்பதை, அடக்கி அடக்கி அடிவயிறு வலிப்பதை, மாசத்தில் அந்த நாட்களில் பள்ளிக்கூடமே வராமல் இருப்பதை. மிஸ் படித்துவிட்டுத் தாளை மடித்தார்.

"சேர்மன் பெரியவர்மா. இதெல்லாம் சார்ட்ல எப்படிப் போடுறது?"

அதை எடுத்துவிட்டால் என் கஷ்டத்தில் பாக்கி ஒன்றுமில்லை. கடைசியில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிற பெண் ஒருத்தியை வரைந்து, சுற்றிலும் பூப் போட்டு, கீழே பொடி எழுத்தில் ராம்ப் வேண்டும் என்று எழுதினார்கள். சக்கர நாற்காலியை நான் அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

நாடகம்தான் முக்கியம் என்றார் மிஸ். அவரே எழுதியிருந்தார். ஒரு நொண்டிப் பெண் படிக்கு முன்னால் நின்று அழுவாள். தோழிகள் பலகை கொண்டுவந்து சாய்த்துப் போடுவார்கள். அவள் அதில் ஏறி வகுப்புக்குப் போவாள். அவ்வளவுதான் கதை. நல்ல கதை. நொண்டியாக யார் நடிக்கிறீர்கள் என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். வகுப்பே சிரித்தது. மிஸ் என்னை ஒரு தடவை நடந்து காட்டச் சொன்னார். சுவரிலிருந்து சுவர்வரை போனேன். மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உன் நடை ரொம்ப ஸ்லோம்மா. ஸ்டேஜ்ல ஆடியன்ஸுக்குப் பொறுமை இருக்காது," என்றார்.

நொண்டியாக நடிக்க நான் தேறவில்லை. ஓட்டல் முதலாளி மகள் தேறினாள். நல்ல சிவப்பு, நல்ல இங்கிலீஷ், ஓட்டப் பந்தயத்தில் கப் வாங்கியவள். அவளுக்கு நொண்டக் கற்றுக்கொடுப்பது என் வேலை.

தினம் சாயங்காலம் அவள் கேட்பாள், நான் காட்டுவேன். இடுப்பை எப்படித் தூக்குகிறாய், தோளை எந்தப் பக்கம் சாய்க்கிறாய், காலை இழுக்கும்போது சத்தம் வருமா? கெட்டிக்காரி, இரண்டே நாளில் பிடித்துவிட்டாள். "மிஸ், இவ நடக்கும்போது நாக்கைக் கடிச்சுக்குறா, நானும் கடிச்சுக்கணுமா?" என்று கேட்டு, நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்து, கண்ணைச் சொருகி, நடந்து காட்டினாள். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. நான் நாக்கைக் கடித்துக்கொள்வேன் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் இன்னும் கேவலமாகப் போயிருக்கும்.

நாடகத்துக்காக அப்பா மண்டியில் சொல்லி லாரிப் பலகைகளை வாங்கிவந்தார். கழுவி, காயவைத்து, முதுகில் சுமந்து கொண்டுவந்தார். அதற்கப்புறம்தான் ஹெட்மிஸ்ட்ரஸ் ஒத்திகை பார்க்க வந்தார்.

எங்கள் பக்கத்து மிஷன் நாடகங்களைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். நாடகத்தில் நொண்டி வந்தால் கடைசியில் எழுந்து நடந்தாக வேண்டும். கட்டையைத் தூக்கி எறிய வேண்டும், எறிந்ததும் கூட்டம் கை தட்ட வேண்டும், பாட்டு தொடங்க வேண்டும். ஞாயிறு பள்ளி விழாவா, கிறிஸ்துமஸா, எல்லாவற்றிலும் இதே முடிவுதான். நொண்டி நொண்டியாகவே இருந்து முடிகிற நாடகத்தை அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளையாக நான் ஒவ்வொரு நாடகத்துக்கும் அப்பா தோளில் உட்கார்ந்து போய், அந்தக் கட்டை பறக்கிற நிமிஷத்துக்காகவே காத்திருந்திருக்கிறேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் கடைசிவரை பார்த்தார். "இதென்ன மிஸ், முடிவு சப்புன்னு இருக்கு? பலகையில ஏறிப் போயிட்டா அதுல கர்த்தரோட மகிமைக்கு என்ன சாட்சி இருக்கு? பிள்ளை ஜெபம் பண்ணணும். கட்டையத் தூக்கி எறியணும். தானா படி ஏறணும். அப்பத்தான் பார்க்குறவங்க மனசு உருகும்."

"மேடம், நாம கேக்கப் போறது ராம்ப்…"

"அதான் சார்ட்ல எழுதியிருக்கீங்கள்ல? சேர்மன் படிச்சுக்குவார்."

முடிவு மாறியது. நான் மிஸ்ஸைத் தனியாகப் பிடித்தேன். "மிஸ், அவளே ஏறிட்டா அப்புறம் ராம்ப் எதுக்குன்னு கேக்க மாட்டாரா?" என்றேன்.

"டிராமா வேற, லைஃப் வேறம்மா. சேர்மன் படிச்சவர், அவருக்குத் தெரியாதா?" என்றார். நம்பித்தான் சொன்னார். நானும் நம்பினேன். மடச்சி.

விழா சனிக்கிழமை. மேடையில் பாட்டுக்குப் பியானோ வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் திடீரென்று முடிவு செய்தார். அப்பாவையும் மண்டி ஆட்களையும் வரச் சொன்னார்கள். சும்மா சாத்திக் கிடந்த என் பலகைகளை மேடைப் படியில் சாய்த்துப் போட்டார் அப்பா. ஆஹா, என்ன அழகாக ஏறியது! "மெதுவா, மெதுவா, அதுக்கு அடிகிடி பட்டுறக் கூடாது," என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கூடவே நடந்தார். என் பலகையில் முதலும் கடைசியுமாக ஏறியது அந்தப் பியானோதான். சார்ட்டை மேடையில் சேர்மன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார்கள். அவர் கழுத்தைத் திருப்பினால்தான் தெரியும். அவர் திருப்பவில்லை.

நாடகத்துக்குக் கொஞ்சம் முன்னால் மிஸ் ஓடிவந்தார். ஓட்டல் முதலாளி மகளுக்கு அட்டையில் செய்துவைத்த காலிபர் கிழிந்துவிட்டதாம். "உன்னோடதைக் குடும்மா. கொஞ்ச நேரம்தான்." வாரை அவிழ்த்துக் கொடுத்தேன். கட்டைகளையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் என்னைத் தூக்கிவந்து கடைசி பெஞ்சில் வைத்தார்கள். கதவோரம் அப்பாவும் மண்டி ஆட்களும் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

அவள் பிரமாதமாக நடித்தாள். என் இடுப்பு, என் தோள், என் நாக்கு. ஜெபம் பண்ணினாள். கட்டைகளைத் தூக்கி எறிந்தாள். ஒன்று மேடைக்குக் கீழே விழுந்து அதன் ரப்பர் கழன்று உருண்டு போனது. அப்புறம் மேடையில் போட்டிருந்த மரப்படிகளில் ஒவ்வொரு படிக்கும் "ஐ கேன்! ஐ கேன்!" என்று சொல்லிக்கொண்டே என் இரும்போடு ஏறி உச்சியில் நின்று கையை விரித்தாள். பியானோ முழங்கியது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சேர்மன் எழுந்து நின்று கை தட்டினார்.

அவர் இங்கிலீஷில் பேசினார், ஹெட்மிஸ்ட்ரஸ் தமிழில் சொன்னார். இந்தப் பெண் எதையும் கேட்கவில்லை, பாருங்கள், என்றார் சேர்மன். ஏதோ சாய்வுப் பாதை கட்டவேண்டும் என்று பேச்சு இருப்பதாகத் தன்னிடம் சொன்னார்களாம். எதற்கு? மனத்தில் உறுதி இருந்தால் கல்லும் படியும் தடையா? இந்தக் குழந்தையே பதில் சொல்லிவிட்டாள். இப்படித்தான் முடித்தார். நான் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தேன், அதனால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். ஹெட்மிஸ்ட்ரஸ் கடைசியில் சொன்ன வரி சேர்மன் வாயிலிருந்து வரவே இல்லை.

"பிள்ளைகளை முதுகுல சுமக்குற பெத்தவங்கதான் அவங்களை முடமாக்குறாங்கன்னு சேர்மன் ஐயா வருத்தப்படுறார்," என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அப்பா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேசிய கீதம் தொடங்கியது. எல்லாரும் எழுந்தார்கள். இரும்பும் இல்லை, கட்டையும் இல்லை, நான் எப்படி எழுந்திருப்பேன்? "எந்திரி புள்ள, மரியாத தெரியாது?" என்று யாரோ ஓர் அம்மாள் பக்கத்திலிருந்து என் தோளில் இடித்தாள். பாட்டு முடிந்து வெளியே போகிற வழியில் சேர்மன் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். இந்தப் பெண்ணுக்கு என்ன என்று இங்கிலீஷில் கேட்டார்.

"கொஞ்சம் அடம், சார்," என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

மிஸ் பக்கத்திலேயே நின்றார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அந்த வாயை நான் மறக்கவே மாட்டேன். எனக்கு ராம்ப் என்று சொல்லிக்கொடுத்த வாய்.

இரும்பையும் கட்டைகளையும் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு என்னை அப்பாதான் தூக்கிப்போனார். வீட்டில் இறக்கிவிட்டுக் கேட்டார்.

"தாயி, அந்தப் புள்ள மாட்டியிருந்தது ஒன் இரும்புதான?"

"ஆமாப்பா."

"நான் வாரு மாத்திக் குடுத்தது. அப்ப இரும்புல கொற இல்ல."

"அவ நடிக்கிறாப்பா. அவளுக்கு நல்ல காலு."

"நடிப்புன்னு எனக்குத் தெரியாதா? சேர்மன் ஐயா நடிக்கலைல்ல? அம்புட்டுப் படிச்சவுக சும்மாவா சொல்லுவாக? நான் தூக்கித் தூக்கித்தான் ஒன் காலு வெளங்காமப் போச்சாம்."

"அவரு அப்படிச் சொல்லவே இல்லப்பா. ஹெட்மிஸ்ட்ரஸ் சேத்துச் சொன்னாக."

"எல்லாத்துக்கும் ஒரு பதிலு வச்சிருக்க. அடம்னு சொன்னாகல்ல, சரிதான்." சொல்லிவிட்டு, கையை மடக்கித் தன் தோளிலும் முதுகிலும் குத்திக்கொண்டார். "இந்த முதுகுதான். இந்தப் பாழாப்போன முதுகுதான்." அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

திங்கட்கிழமை காலை தூற்றல். படிகளுக்குக் கீழே என்னை இறக்கிவிட்டார். வழக்கமாக அங்கே ஒரு தடவை குலுக்கிச் சரிசெய்துகொண்டு ஏறுவார். அன்றைக்கு இறக்கிவிட்டு, கட்டைகளை என் கையில் கொடுத்தார்.

"ஏறு."

"அப்பா…"

"ஏறு தாயி. மனசு வச்சா ஏறலாம். எனக்குச் சோலி கெடக்கு, லாரி நிக்குது." போய்விட்டார். வெரசாப் போனார், திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் தூக்கிவிடுவோம் என்று அவருக்குப் பயம். அது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

கட்டைகளை ஓரமாகப் போட்டுவிட்டுப் படியில் முதுகு காட்டி உட்கார்ந்தேன். கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி மேல்படியில் வைத்தேன். இரும்பு கல்லில் உரசிக்கொண்டு பின்னால் வந்தது. அப்படித்தான் ஏறினேன். பாசியும் சேறும் பாவாடையில் அப்பிக்கொண்டன. மேலே வராந்தாவில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். யாரோ ஒருத்தி ஆரம்பித்தாள், "ஐ கேன்!" அப்புறம் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நான் ஒவ்வொரு படியாக இடுப்பைத் தூக்கி வைக்க வைக்க, "ஐ கேன்! ஐ கேன்!" என்று ஒரே சிரிப்பு. உற்சாகப்படுத்துகிறோம் என்றுகூட அவர்களில் சிலர் நினைத்திருக்கலாம். எனக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை.

வகுப்பு வாசல்வரை தரையில் தேய்த்துக்கொண்டே போனேன். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. முதல் பீரியட் இங்கிலீஷ். மிஸ் என்னைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது அவருக்கு.

"சீ, சில்ட்ரன்! ஷி டிட் இட்!" என்றார். கை தட்டினார். வகுப்பே எழுந்து கை தட்டியது, ஒத்திகையில் பழகின மாதிரி.

அப்புறம் மிஸ் என் பாவாடையைப் பார்த்தார். தாவணியைப் பார்த்தார். பெஞ்சு அன்றைக்குத்தான் பாலிஷ் போட்டு வந்திருந்தது.

"முதல்ல போய்க் கழுவிட்டு வந்துரும்மா," என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

குழாய் கீழே இருந்தது.

அவருக்கு அது ஞாபகமே இல்லை. என் கட்டுரையைப் படித்துத் திருத்தியவர் அவர்தான். வந்த வழியே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். குழாயடியில் பாவாடையைக் கசக்கினேன். அப்புறம் குழாயில் வாயை வைத்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் நான் குடித்த முதல் தண்ணீர் அது. மேலே போகவில்லை. பியானோ அறைச் சுவரில் சாய்ந்து ஈரத்தோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாரோ ஒரே பாட்டைத் தப்புத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். என்னைத் தேடி யாரும் இறங்கி வரவில்லை.

சாயங்காலம் அப்பா ஓட்டமாக வந்தார். படிக்குக் கீழே, என் கட்டைகளோடு நான் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"ஏறுனியா தாயி?"

"ஏறுனேன்."

"எறங்குனியா?"

"எறங்குனேன்."

"யாரும் தூக்கலைல்ல?"

"தூக்கல."

உண்மையை முழுசாகச் சொல்லியிருக்கலாம். சொல்லப் பிடிக்கவில்லை. அவர்மேல் அவ்வளவு ஆத்திரம் எனக்கு. அப்பா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டார். துண்டுக்குள் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. எடுத்தபோது முகம் பளிச்சென்று இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவரிடம் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"அப்ப நாளையிலருந்து நான் வர வேண்டியதில்ல," என்றார்.

அவர் வரவில்லை. நானும் போகவில்லை.